ஆஸ்பத்திரிக் கட்டிலும் கெண்டைக்கால் சதையும்

"அசையாமப் படுங்க ஆச்சி. என்ன வேணுமோ கேளுங்க, நாங்க எடுத்துத் தர்றோம்."

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் எந்த ஆஸ்பத்திரி வார்டுக்குள் நுழைந்தாலும் ஒரு கட்டிலிலிருந்தாவது இந்தப் பேச்சு கேட்கும். பாசம்தான், குறை சொல்ல முடியாது. தண்ணீர்ச் சொம்பு, செல்போன், வெற்றிலைப் பெட்டி எல்லாம் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிடும். பெட் பேனும் வந்துவிடும். மூன்றாம் நாள் பார்க்க வருகிறவர்களிடம், "கட்டிலை விட்டு இறங்கவே விடலையே நாங்க" என்று பெருமையாகச் சொல்வார்கள். அந்தப் பெருமைதான் இந்தப் பதிவின் பிரச்சினை: அசையாமல் கிடந்தால் காலில் இரத்தக்கட்டி உண்டாகலாம்.

ஓய்வு வேண்டாம் என்று சொல்லவில்லை. அறுத்துத் தைத்த இடத்துக்கு ஓய்வு வேண்டும். காலுக்கு எதற்கு? குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் ஆனவர் கணுக்காலை ஆட்டக்கூடாது என்று எந்த டாக்டரும் சொல்வதில்லை. ஆனால் "ரெஸ்ட்" என்ற சொல் காதில் விழுந்ததும் தலை முதல் கால் வரை சேர்த்துப் படுக்க வைத்துவிடுகிறோம்.

இதயம் தள்ளும் வேகத்தில் இரத்தம் பாதம் வரை தானாக இறங்கிவிடும். மேலே ஏறித் திரும்புவதற்குத்தான் ஆள் துணை வேண்டும். இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்தான் சிரை. கெண்டைக்கால் சதைக்குள் ஆழமாக ஓடும் சிரைகளை, நடக்கும்போது அந்தச் சதை ஒவ்வோர் அடிக்கும் பிழிந்து விடுகிறது. சிரைக்குள் ஒருவழிக் கதவு மாதிரி வால்வுகள் இருப்பதால் பிழிந்த இரத்தம் மேல்நோக்கித்தான் போகும். சதை சும்மா கிடந்தால் அந்த வால்வு மடிப்புகளில் இரத்தம் தேங்கும். எடுக்காமல் விட்ட ஊருணித் தண்ணீரில் பாசி பிடிப்பதுபோல, தேங்கிய இடத்தில் இரத்தக்கட்டி உருவாகத் தொடங்கும்.

தேக்கம் மட்டும் காரணமில்லை. ஆபரேஷனோ எலும்பு முறிவோ ஆனவுடன் இரத்தப்போக்கை நிறுத்த உடம்பு தன் உறையும் சக்தியை ஏற்றிவிடுகிறது. இது நல்லதுக்காக உடம்பு செய்யும் வேலை, ஆனால் காயம் இருக்கும் இடத்தோடு நிற்காது. மூன்றாவது, இரத்தக்குழாயின் உட்சுவர் அடிபடுவது: இடுப்பு, முட்டி ஆபரேஷன்களில் இது சகஜம். இந்த மூன்றையும் 19-ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்கோ பெயரால்தான் இன்றும் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. அவர் பிறந்த அக்டோபர் 13-ஐத்தான் 2014 முதல் உலக இரத்த உறைவு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள். ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்கு மூன்று காரணங்களும் ஒரே நேரத்தில் கூடிவிடுகின்றன. வயல் வேலை செய்யும் அதே ஆள் வீட்டில் இருந்தவரை அவருக்கு இந்தப் பேச்சே இல்லை.

காலில் உண்டான கட்டி அங்கேயே இருந்தால் வீக்கமும் வலியும்தான். அதில் ஒரு துண்டு பிய்ந்து மேலே போனால், இதயத்தின் வலப்பக்கத்தைக் கடந்து நுரையீரல் குழாயில் போய் அடைக்கும். சிறிய துண்டு என்றால் மூச்சிரைப்பு. பெரிய துண்டு என்றால் சில நிமிடங்களில் உயிரே போய்விடலாம். "நல்லாத்தான் இருந்தார், பாத்ரூம் போய்ட்டு வந்தவர் அப்படியே சாஞ்சுட்டார், மாரடைப்பு" என்று ஊரில் சொல்லப்படும் சாவுகளில் சில உண்மையில் இதுவாக இருக்கலாம்.

பேச்சுவழக்கில் ஒரு குழப்பம் இருக்கிறது, அதைத் தீர்த்துவிட்டு மேலே போகலாம். நம்மிடம் சிரையும் நரம்புதான், இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுவரும் தமனியும் நரம்புதான், மூளையிலிருந்து வரும் நரம்பும் நரம்புதான். "காலில் நரம்பு அடைச்சிருக்கு" என்று டாக்டர் சொன்னால் வீட்டில் ஒருவர் நரம்பு சுருட்டல் என்று எடுத்துக்கொள்வார், இன்னொருவர் நரம்புத் தளர்ச்சி என்பார், மூன்றாமவர் தைலத்தைத் தேடுவார். நரம்பு சுருட்டல் என்பது தோலுக்கடியில் பச்சையாகப் புடைத்துத் தெரியும் மேல்சிரை. இங்கே பேசுவது கண்ணுக்குத் தெரியாத ஆழச்சிரையில் வரும் இரத்தக்கட்டி. நரம்பு சுருட்டல் உள்ளவருக்கு இது வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல், அவ்வளவுதான் உறவு.

இது வெள்ளைக்காரர் வியாதி, நம் ஊரில் அபூர்வம் என்ற எண்ணம் மருத்துவர்களிடமே வெகுகாலம் இருந்தது. 2008-ல் வெளிவந்த 32 நாட்டு ஆய்வு ஒன்றில் 358 ஆஸ்பத்திரிகளின் உள்நோயாளிகளைப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு மேல் இரத்தக்கட்டி அபாயத்தில் இருந்தார்கள். இந்தியக் கணக்கிலும் அபாயத்தில் இருந்தவர்கள் ஏறத்தாழ அதே அளவுதான். ஆனால் அவர்களில் ஐந்தில் ஒருவருக்குக்கூட முறையான தடுப்பு கிடைத்திருக்கவில்லை. அதன் பிறகு நிலைமை முன்னேறியிருக்கிறது. இருந்தாலும் வார்டில் கேட்காமல் கிடைக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

அட்மிஷன் போடும்போதே சொல்லிவிட வேண்டிய சில விஷயங்கள் உண்டு. முன்பு எப்போதாவது காலில் அல்லது நுரையீரலில் இரத்தக்கட்டி வந்ததா, பெற்றோர், உடன்பிறந்தவர் யாருக்காவது வந்ததா என்பது முதலாவது. புற்றுநோய் இருக்கிறதா, அதற்குச் சிகிச்சை நடக்கிறதா. மார்பகப் புற்றுக்குத் தமாக்ஸிஃபென் சாப்பிடுகிறீர்களா. கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறீர்களா. இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் நம் பக்கம் பதில் வராது. மாமியார் பக்கத்தில் நிற்கும்போது எந்த மருமகளும் வாய் திறக்கமாட்டாள். திருவிழா, கிரகப்பிரவேசம் என்று மாதவிலக்கைத் தள்ளிப்போட வாங்கிய மாத்திரையையும் யாரும் மாத்திரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. சிஸ்டரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். இவை தவிர வயது அறுபதைத் தாண்டியது, உடல் பருமன், இதயம் பலவீனம், பக்கவாதம், கடும் நிமோனியா, மூன்று நாளுக்கு மேல் படுக்கை ஆகியவற்றை டாக்டர்களே மதிப்பெண் போட்டுக் கூட்டிக்கொள்வார்கள். அறுவை நோயாளிகளுக்கு ஒரு பட்டியல், மற்றவர்களுக்கு வேறு பட்டியல்.

நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "இரத்தம் கட்டாம இருக்க எனக்கு என்ன பண்றீங்க டாக்டர்? எத்தனை நாளைக்கு?" இரண்டு பாதியும் முக்கியம். "ஒண்ணும் தேவையில்ல, சாயங்காலமே நடக்கப் போறீங்க" என்பதும் முழுமையான பதில்தான். சிறிய ஆபரேஷனுக்கு உண்மையில் அது போதும். பதில் எதுவாக இருந்தாலும் டாக்டர் யோசித்துச் சொன்னதாக இருக்க வேண்டும், விட்டுப்போனதாக இருக்கக்கூடாது.

இனிக் கட்டில் பக்கம்.

மயக்கம் தெளிந்து கால் விரல் அசையத் தொடங்கியதும் வேலையை ஆரம்பிக்கலாம். பாதத்தை முகத்தை நோக்கி நன்றாக மேலே மடக்கி, பிறகு தையல் மெஷின் மிதிப்பதுபோல் கீழே அழுத்துங்கள். ஒரு மணி நேரத்துக்குப் பத்து முறை, விழித்திருக்கும் நேரமெல்லாம். கால் விரலை மட்டும் ஆட்டினால் பயனில்லை. கெண்டைக்கால் சதை இறுகுவது கையில் தெரிய வேண்டும். அடுத்தது, முட்டியை மெத்தையை நோக்கி அழுத்தித் தொடைச் சதையை இறுக்கி ஐந்து எண்ணி விடுவது, அதுவும் பத்து முறை. கூடவே நெஞ்சு விரிய ஐந்தாறு மூச்சு. மூச்சை ஆழமாக இழுக்கும்போது வயிற்றுச் சிரைகளின் இரத்தமும் மேலே இழுபடும். டிவியில் விளம்பரம் வரும்போதெல்லாம் செய்யுங்கள் என்று சொன்னால் ஆச்சிமார் மறப்பதில்லை. சீரியலுக்கு இதைவிட நல்ல உபயோகம் எனக்குத் தெரியவில்லை.

முட்டிக்கு அடியில் தலையணை வைக்காதீர்கள். அட்டெண்டர்கள் செய்யும் தவறுகளில் அதிகம் கண்ணில் படுவது இதுதான். சுகமாக இருக்கும், ஆனால் முட்டிக்குப் பின்னால் போகும் பெரிய சிரை அமுங்கும். முட்டி மாற்று ஆபரேஷன் ஆனவருக்கு முட்டி நீளாமலே போய்விடும். காலை உயர்த்த வேண்டும் என்றால் குதிகாலிலிருந்து கெண்டைக்கால் முழுவதும் தாங்குகிற மாதிரி வையுங்கள். கால்மேல் கால் போட்டுப் படுப்பதும் வேண்டாம்.

எழுந்து நடப்பதற்கு நிகராக எதுவும் இல்லை. பெரும்பாலான ஆபரேஷன்களில் அன்றோ மறுநாளோ எழுப்பிவிடுவார்கள். முதல் முறை எழும்போது அவசரம் கூடாது. ஒருக்களித்து, கையை ஊன்றி உட்கார்ந்து, இரண்டு மூன்று நிமிடம் கட்டில் ஓரத்தில் இருந்து, தலை சுற்றல் இல்லை என்று தெரிந்த பிறகு, பக்கத்தில் ஆள் நிற்க எழ வேண்டும். யூரின் பையை இடுப்புக்குக் கீழே பிடித்துக்கொள்ளுங்கள். டிரிப்ஸ் போகிறது என்பது நடக்காமல் இருக்கக் காரணம் இல்லை, ஸ்டாண்டுக்குச் சக்கரம் அதற்குத்தான். நாற்காலியில் காலைத் தொங்கப்போட்டு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பதை நடை என்று கணக்கில் சேர்க்காதீர்கள். உட்கார்ந்த நிலையிலும் இரத்தம் தேங்கத்தான் செய்யும்.

பார்க்க வருகிறவர்களுக்கும் ஒரு வேலை கொடுக்கலாம். ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆப்பிளுமாக வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசுவதற்குப் பதில், வராந்தாவின் அந்தக் கடைசி வரை கூட நடந்துகொண்டே பேசட்டும்.

காலுறை விஷயத்தில் நிறையத் தவறு நடக்கிறது. ஆஸ்பத்திரியில் போட்டுவிடும் வெள்ளைக் காலுறை வேறு, நரம்பு சுருட்டலுக்கு மெடிக்கலில் விற்கும் தோல்நிறக் காலுறை வேறு. இரண்டின் அழுத்தமும் ஒன்றல்ல. ஆஸ்பத்திரிக் காலுறை கணுக்காலில் அதிகமாகவும் மேலே போகப் போகக் குறைவாகவும் அழுத்தும்படி நெய்யப்பட்டது. ஆகவே கணுக்கால், கெண்டைக்கால், தொடை வரை போகும் காலுறை என்றால் தொடை, இவற்றின் சுற்றளவை இஞ்ச் டேப்பால் அளந்து வாங்க வேண்டும். "மீடியம் குடுங்க" என்று கேட்டு வாங்கும் பொருள் இல்லை. மேல் விளிம்பு உருண்டு முட்டிக்குக் கீழே வளையம் போல் நின்றால், எதைத் தடுக்கப் போட்டோமோ அதையே அது செய்துவிடும்: கயிறு கட்டியதுபோல இரத்தத்தை நிறுத்திவிடும். நம் வெயிலுக்கு இது அடிக்கடி நடக்கும், ஏனென்றால் அரிப்பு தாங்காமல் நோயாளியே சுருட்டி விடுவார். தினமும் ஒரு முறை கழற்றி, காலைக் கழுவித் துடைத்து, குதிகாலும் கணுக்கால் எலும்பும் சிவந்திருக்கிறதா என்று பார்த்து மறுபடி போடுங்கள். மாற்றுக்கு ஒரு ஜோடி வேண்டும். சர்க்கரை நோயில் பாதம் மரத்துப் போனவர்கள், காலில் தமனி அடைப்பு உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடவே கூடாது. புண் வந்தது தெரியாமலே அழுகிவிடும். பக்கவாத நோயாளிகளுக்குக் காலுறையால் பலனில்லை என்று 2009-ல் வந்த பெரிய ஆய்வு காட்டிவிட்டது. காற்றடித்துக் காலைப் பிழியும் பம்ப் உதவுகிறது என்று 2013-ல் தெரிந்தது. அந்த பம்ப் கிடைத்தால் இரவில் சத்தம் தொந்தரவு என்று அணைக்காதீர்கள். பாத்ரூம் போகக் கழற்றியவர் திரும்பி வந்து மாட்ட மறப்பதுதான் பம்ப் தோற்கும் முக்கிய வழி.

வயிற்று ஊசிக்கு வருவோம். பழைய ஆட்களிடம் வயிற்றில் ஊசி என்றதும், "என்னை என்ன நாயா கடிச்சுச்சு?" என்பார்கள். தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி போட்ட காலத்து ஞாபகம். இது அது இல்லை. இது ஹெப்பாரின் வகை மருந்து. சாதா ஹெப்பாரின் என்றால் 5,000 யூனிட், நாளுக்கு இரண்டு அல்லது மூன்று முறை. எனாக்ஸபாரின் என்றால் வழக்கமாக 40 மில்லிகிராம், நாளுக்கு ஒரு முறை. சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவு குறையும், அதனால் கிரியேட்டினின் ரிப்போர்ட்டைக் காட்டாமல் விடாதீர்கள். முதுகில் மரப்பு ஊசி போடப்போகிறார்கள் என்றால் எனாக்ஸபாரினுக்கும் அதற்கும் குறைந்தது 12 மணி நேரம் இடைவெளி வேண்டும். முதுகுத் தண்டைச் சுற்றி இரத்தம் கசிந்தால் கால் விளங்காமல் போகும் ஆபத்து உண்டு. மயக்க மருத்துவர் "கடைசி ஊசி எப்ப போட்டீங்க?" என்று கேட்டால் மணியோடு சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

ஹெப்பாரின், எனாக்ஸபாரின் இரண்டும் பன்றிக் குடலிலிருந்து எடுக்கப்படுபவை. சைவர்களுக்கும் இஸ்லாமியர்களுக்கும் இதை முன்பே சொல்லிவிடுவது மரியாதை என்று நினைக்கிறேன். உயிர் காக்கும் மருந்து என்று பெரும்பாலோர் ஒப்புக்கொள்வார்கள். வேண்டாம் என்பவர்களுக்கு முழுக்கச் செயற்கையான ஃபோண்டாபரினக்ஸ் இருக்கிறது. டாக்டரிடம் கேட்கலாம்.

வீட்டுக்குப் போன பிறகும் ஊசி தொடரும் என்றால் டிஸ்சார்ஜுக்கு முன்பே சிஸ்டர் கண்முன் வீட்டார் ஒருவர் போட்டுப் பழக வேண்டும். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நோயாளியைச் சாய்ந்து படுக்க வைத்து, தொப்புளிலிருந்து 5 சென்டிமீட்டராவது தள்ளி, ஏறத்தாழ மூன்று விரல் அகலம், வயிற்றின் பக்கவாட்டைத் தேர்ந்தெடுங்கள். இன்று வலம் என்றால் நாளை இடம். தழும்பு, கன்றிய இடம் வேண்டாம். ஊசி மூடியை நேராக இழுத்து எடுங்கள், திருகினால் ஊசி வளையும். உள்ளே தெரியும் காற்றுக் குமிழியை வெளியே தள்ளாதீர்கள். 40 மில்லிகிராம் முழுவதும் போடும்போது அந்தக் குமிழி இருக்க வேண்டும், தள்ளினால் மருந்தும் சேர்ந்து போய்விடும். தோலை இரு விரலால் மடிப்பாகப் பிடித்து, செங்குத்தாக முழு ஊசியையும் இறக்கி, மெதுவாக அழுத்தி, ஊசியை எடுக்கும்வரை மடிப்பை விடாதீர்கள். எடுத்த பின் தேய்க்கக் கூடாது. பஞ்சை வைத்து லேசாக அழுத்தினால் போதும். தேய்த்தால்தான் அந்தப் பெரிய நீலக் கன்றல் வரும், அதைப் பார்த்து பயந்துதான் பலர் ஊசியை நிறுத்துகிறார்கள். ஒரு ரூபாய்க் காசு அளவு கன்றல் சகஜம். ஒரு நாள் மறந்துவிட்டால் மறுநாள் இரண்டாகப் போடாதீர்கள். போட்டு முடித்த ஊசி, கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போகட்டும், குப்பைத்தொட்டிக்குள் அல்ல. இன்னும் போடாத ஊசிகளை ஃப்ரீசரில் வைக்க வேண்டாம்.

செட்டிநாட்டில் இதற்குத் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்க, எண்பது வயது ஐயாவும் ஆயாவும் மட்டும் அத்தனை பெரிய வீட்டில் இருப்பார்கள். ஒருவருக்குக் கை நடுங்கும், ஒருவருக்குக் கண் தெரியாது. அவர்களிடம் ஊசிப் பெட்டியைக் கொடுத்து அனுப்புவதில் அர்த்தம் இல்லை. டிஸ்சார்ஜின்போதே, "ஊசி போட ஆள் இல்லை, மாத்திரையாகத் தர முடியுமா?" என்று கேளுங்கள். இடுப்பு, முட்டி மாற்று ஆபரேஷனுக்கு ரிவராக்ஸபான் 10 மில்லிகிராம் தினம் ஒன்று, அல்லது அபிக்ஸபான் 2.5 மில்லிகிராம் தினம் இரண்டு என்று மாத்திரையே உண்டு. மாத்திரை சரிப்படாது என்றால் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்ள எழுதி வாங்குங்கள். நடைப் பயிற்சிக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே இயன்முறை சிகிச்சை தருகிறார்கள், அதையும் விசாரியுங்கள்.

"அவருக்குத்தான் எகோஸ்பிரின் போய்க்கிட்டு இருக்கே, அதுவும் இரத்தம் நீர்க்கிற மாத்திரைதானே?" என்று கேட்பார்கள். எகோஸ்பிரின் என்பது ஆஸ்பிரின்தான். இதயத்துக்குத் தரும் ஆஸ்பிரின், இரத்தத்தில் உள்ள தட்டணுக்களை ஒட்டவிடாமல் செய்வது. சிரைக்கட்டியில் முக்கியப் பங்கு இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களுக்கு. முட்டி, இடுப்பு மாற்றுக்குப் பிறகு சில சர்ஜன்கள் ஆஸ்பிரினையும் பயன்படுத்துகிறார்கள், அது அவர்கள் கணக்கிட்டு எழுதுவது. ஏற்கெனவே சாப்பிடுகிறோம் என்பதால் ஊசி வேண்டாம் என்று நாமே முடிவு செய்வது வேறு. பூண்டும் இஞ்சியும் அப்படித்தான். பூண்டுக்குழம்பு சாப்பிடுங்கள், ருசிக்காக.

எத்தனை நாள்? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். ஆஸ்பத்திரியை விட்டு வந்ததும் அபாயம் முடிந்தது என்று நினைக்கிறோம். ஆஸ்பத்திரியோடு தொடர்புள்ள கட்டிகளில் கணிசமானவை வீட்டுக்கு வந்த பிறகுதான் வெளிப்படுகின்றன. 90 நாள் வரை கவனம் வேண்டும். இடுப்பு மாற்று, இடுப்பெலும்பு முறிவுக்கு 35 நாள் வரை மருந்து தருவது வழக்கம். முட்டி மாற்றுக்குப் பெரும்பாலும் 10 முதல் 14 நாள். வயிறு, அடிவயிற்றுப் புற்று ஆபரேஷனுக்கு நான்கு வாரம். டிஸ்சார்ஜ் சம்மரியில் முடியும் தேதி எழுதியிருக்கிறதா என்று பார்த்து, நாட்காட்டியில் அந்தத் தாளில் குறித்துவிடுங்கள். ஆபரேஷனே செய்யாமல் நாட்டுக்கட்டுப் போட்டு மாதக்கணக்கில் படுக்க வைத்தவருக்கும், தொடை வரை மாவுக்கட்டுப் போட்டவருக்கும் அபாயம் குறைவில்லை. கேட்க ஆள் இல்லை என்பதுதான் வித்தியாசம்.

பிள்ளை பெற்றவளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கர்ப்பத்தில் இரத்தத்தின் உறையும் தன்மை இயற்கையாகவே ஏறியிருக்கும், பிரசவம் ஆன முதல் ஆறு வாரம்தான் அபாயம் உச்சம், சிசேரியன் என்றால் இன்னும் கூடுதல். அந்த நேரத்தில்தான் நாம், பச்சை உடம்பு என்று தண்ணீரைக் குறைத்து, வயிற்றை இறுக்கிக் கட்டி, அறையை விட்டு வெளியே விடாமல் வைக்கிறோம். பத்தியத்தில் மற்றதெல்லாம் இருக்கட்டும், பூண்டும் பாலும் பத்தியக் குழம்பும் யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். தாய்ப்பாலிலேயே நிறைய நீர் போகிறது. வெந்நீராகவோ சீரகத் தண்ணீராகவோ நாளுக்கு இரண்டரை, மூன்று லிட்டர் போகட்டும். "தண்ணி குடிச்சா வயிறு பெருத்துப் போகும்" என்பதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. அப்பத்தாவிடம் வாதாடி ஜெயிக்க முடியாது என்றால், டாக்டரையே அப்பத்தா முன்னிலையில் சொல்லச் சொல்லுங்கள். அது வேலை செய்யும். முன்பு கட்டி வந்தவர், அதிக எடை உள்ளவர், அவசர சிசேரியன், அதிக இரத்தப்போக்கு என்று காரணங்கள் கூடினால் ஊசி 10 நாளோ ஆறு வாரமோ போகும். அந்த ஊசிகள் பாலூட்டுவதற்குத் தடையில்லை.

மற்றவர்களுக்கும் தண்ணீர் பொருந்தும், இதயமோ சிறுநீரகமோ பழுதாகி அளவு கட்டியவர்களைத் தவிர. நம் பெரியவர்கள் தண்ணீர் குடிக்காததற்கு வீட்டின் அமைப்பும் காரணம். முகப்பிலோ, நடு முற்றத்தைச் சுற்றித் தூண்கள் நிற்கும் வளவிலோ கட்டில், கழிப்பறையோ இரண்டாம் கட்டு தாண்டிக் கொல்லையில். இரவில் அவ்வளவு தூரம் யார் போவது என்று மாலையிலிருந்தே குடிப்பதை நிறுத்திவிடுவார்கள். இரவுக்கு மட்டும் கட்டிலருகே கமோடு நாற்காலி வையுங்கள். பகலில் அந்தத் தூரம் நடக்கட்டும், அதைவிட நல்ல பயிற்சி காசு கொடுத்தாலும் கிடைக்காது. வளவைச் சுற்றித் தூண் எண்ணி நடப்பது இன்னும் வசதி. நேற்று எட்டுத் தூண், இன்று பன்னிரண்டு என்று கணக்கும் தெரியும், வெயிலும் படாது. இரண்டு எச்சரிக்கை: தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் ஈரமானால் வழுக்கும், துடைத்த கையோடு நடக்கவிடாதீர்கள். உயர்ந்த நிலைப்படிகளில் வாக்கர் ஏறாது, ஒரு கட்டுக்குள்ளேயே நடக்கட்டும். இரத்தம் உறையாத மருந்து சாப்பிடுகிறவர் விழுந்து தலையில் அடிபட்டால், வலி இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பெரிய ஆபரேஷனுக்கு இங்கிருந்து மதுரைக்கோ திருச்சிக்கோ போகிறவர்கள்தான் அதிகம். திரும்பும் பயணம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். கார் முன் சீட்டைப் பின்னால் தள்ளிக் காலை நீட்டி உட்கார வையுங்கள், வழியில் மேலூரிலோ திருமயத்திலோ ஒரு முறை நிறுத்தி இறங்கி நிற்கட்டும். வந்த பிள்ளைகளோடு விமானத்தில் அனுப்புவது என்றால் டிக்கெட் போடுமுன் சர்ஜனைக் கேளுங்கள். திருச்சியிலிருந்து சிங்கப்பூர் நான்கு மணி நேரம்தான், ஆனால் நான்கு மணி நேரத்திலிருந்துதான் பயண அபாயமே கணக்கிடப்படுகிறது.

இனி அடையாளம். ஒரு கால் மட்டும் வீங்குவது, கெண்டைக்காலில் குரக்களி பிடித்ததுபோல் விடாத வலி, சூடு, தோல் சிவந்தோ கருத்தோ மாறுவது. இரண்டு காலும் சமமாக வீங்கினால் பெரும்பாலும் வேறு காரணம். சந்தேகம் என்றால் அளந்து பாருங்கள்: முட்டிச் சில்லுக்குக் கீழே ஒரு எலும்பு மேடு தட்டுப்படும், அதிலிருந்து 10 சென்டிமீட்டர் கீழே இரண்டு காலிலும் சுற்றளவு எடுங்கள். 3 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அன்றைக்கே போக வேண்டும். முட்டி ஆபரேஷன் ஆன காலில் வீக்கம் எப்படியும் இருக்கும், அங்கே நேற்றைவிட இன்று கூடியிருக்கிறதா என்பதுதான் கேள்வி. பாதத்தை மேலே மடக்கி வலிக்கிறதா என்று பார்க்கும் பழைய சோதனையை நம்ப முடியாது. பலருக்கு எந்த அடையாளமும் இல்லாமலே கட்டி இருக்கும் என்பதும் உண்மை.

வீங்கிய காலை உருவாதீர்கள். தைலம், ஒத்தடம், நீவல், சுளுக்கு எடுப்பவர் எதுவும் வேண்டாம். இந்தப் பதிவில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். உருவினால் கட்டி பிய்ந்து மேலே போகலாம்.

திடீர் மூச்சிரைப்பு, மூச்சை இழுக்கும்போது குத்தும் நெஞ்சுவலி, படபடப்பு, இருமலில் இரத்தம், எழுந்ததும் மயக்கம்: இவற்றில் எது வந்தாலும் 108. ஓம வாட்டர் கொடுத்து வாய்வு இறங்குகிறதா என்று காத்திருக்க வேண்டாம். வருகிறவர்களிடம் முதல் வாக்கியமாக, "இத்தனை நாளைக்கு முன்னாடி ஆபரேஷன் ஆச்சு" என்று சொல்லுங்கள். அது தெரியாவிட்டால் எல்லோரும் மாரடைப்பைத் தேடி ஈ.சி.ஜி. எடுத்துக்கொண்டிருப்பார்கள். காலுக்கு டாப்ளர் ஸ்கேன் போதும், வலியோ ஊசியோ கிடையாது. நுரையீரலுக்கு மருந்து செலுத்தி சி.டி. எடுப்பார்கள். டி-டைமர் என்ற இரத்தப் பரிசோதனை ஆபரேஷன் ஆனவருக்கு எப்படியும் கூடுதலாகத்தான் காட்டும், அதை வைத்து மட்டும் கட்டி இருக்கிறது என்று முடிவு செய்ய முடியாது.

கட்டி உறுதியானால் குறைந்தது மூன்று மாதம் சிகிச்சை. ரிவராக்ஸபான் என்றால் முதல் 21 நாள் 15 மில்லிகிராம் தினம் இரண்டு வேளை, பிறகு 20 மில்லிகிராம் ஒரு வேளை, சாப்பாட்டோடு. வெறும் வயிற்றில் போட்டால் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மருந்து உடம்பில் சேராது. வார்ஃபரின், ஆசிட்ரோம் என்றால், இரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவைப் பார்த்து 2-க்கும் 3-க்கும் இடையில் நிறுத்துவார்கள். இவர்களுக்குக் கீரையை அடியோடு நிறுத்தச் சொல்வார்கள் சிலர். வேண்டியதில்லை. வாரத்துக்கு இரண்டு நாள் முருங்கைக்கீரை என்றால் எல்லா வாரமும் இரண்டு நாள். ஒரு வாரம் நிறுத்தி மறுவாரம் தினமும் தின்றால்தான் ஐ.என்.ஆர். தாறுமாறாகும். மருந்து போகும்வரை முட்டிவலிக்கு மெடிக்கலில் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் வாங்கிப் போடாதீர்கள், வலித்தால் பாராசிட்டமால். மலம் தார் போலக் கருத்தாலோ, மூக்கில் இரத்தம் பதினைந்து நிமிடம் அழுத்திப் பிடித்தும் நிற்காவிட்டாலோ உடனே காட்டுங்கள். சம்மரியை டிரங்குப் பெட்டிக்குள் பூட்டி வைக்காமல் ஒரு ஜெராக்ஸைப் பர்ஸிலேயே வைத்திருங்கள். பல் பிடுங்கப் போனாலும், கண் ஆபரேஷனுக்குப் போனாலும், டாக்டர் கேட்பதற்கு முன்னால் அதை எடுத்து மேசைமேல் வையுங்கள்.